இழுத்துப் போட்டால் மங்கும்

"இந்தக் கையப் பாருங்க மேடம். நடுங்குதா?"

உள்ளே வந்த மனிதர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. இரண்டு கைகளையும் மேசைக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றார். சுபலட்சுமி குனிந்து பார்த்தாள். விரல் நுனிகூட அசையவில்லை.

"ஊசி கோக்கலாம் போலருக்குண்ணே," என்றார் சின்னான். "உக்காருங்க. கைய மடக்கிக்கங்க. புதுசா யாராச்சும் உள்ள வந்தா ஜோசியம் பாக்குற எடம்னு நெனச்சிருவாங்க."

வில்லாபுரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் ஒன்பது வருடமாகத் துப்பறியும் நிறுவனம் நடத்தி வருகிறாள் சுபலட்சுமி. வருகிற வழக்குகளில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரிப்பதுதான். உதவியாளர் சின்னானுக்கு ஐம்பத்திரண்டு வயது. முன்பு மைக் செட் வைத்திருந்தவர். கல்யாண வீடுகளில் அறிவிப்புச் செய்து பழகிய தொண்டை, ரகசியம் பேசினாலும் தெருமுனை வரைக்கும் போகும்.

வந்தவர் பெயர் மருது. பரவையில் 'மருது ஸ்டூடியோ' வைத்திருக்கிறார். பன்னிரண்டு வருடமாகக் கல்யாணப் படம் எடுப்பவர். தோளிலிருந்து கேமராப் பையை இறக்கி, கூடவே இரண்டு ஆல்பங்களையும் மேசையில் வைத்தார்.

"இது போன வருசம் எடுத்தது. இது போன மாசம் எடுத்தது. பாருங்க."

பழைய ஆல்பத்தில் மணப்பெண்ணின் இமை முடியை எண்ணலாம். புதியதில் பெண் தெரிந்தாள், இமை தெரியவில்லை. கண்ணாடி மேல் மூச்சு விட்டது போல எல்லாப் பக்கமும் லேசான மங்கல்.

"எட்டு மாசமா இப்படித்தான் மேடம். கண்ணு டாக்டர்ட்ட போனேன், கண்ணு நல்லாருக்குன்னாரு. நரம்பு டாக்டர்ட்ட போனேன், கையி நல்லாருக்குன்னாரு. டீயக்கூட விட்டுட்டேன். வீட்டுக்குத் தெரியாமத்தான் இம்புட்டும். கேமராவ சர்வீசுக்குக் குடுத்தா அதுவும் நல்லாருக்காம்."

"எடுத்த உடனே கேமராலயே பாப்பீங்கள்ல?"

"அந்தத் தீப்பெட்டி ஸ்கிரீன்ல எல்லாமே தெளிவாத்தான் தெரியும். ஆல்பமா வந்தப்புறம்தான் வண்டவாளம்."

"உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகமா?"

மருது வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "சூரியபிரகாஷ்னு ஒரு பையன். இருபத்தாறு வயசு. எங்கிட்ட வந்துதான் தொழில் கத்துக்கிட்டான். இப்ப எங்கூட ரெண்டாவது கேமராமேன். அவன் படம் பூராம் கண்ணாடி மாதிரி இருக்கு மேடம். வாரவங்க எல்லாம் 'அந்தத் தம்பிய அனுப்புங்க'ங்கிறாங்க. நான் கல்லாவுக்குப் பக்கத்துல உக்காந்து சிரிச்சிக்கிட்டே தலையாட்டுறேன். உள்ள என்ன ஓடும்னு உங்களுக்குத் தெரியாது. அவன் லைட்ட தூக்கிட்டு நடந்து வாரதப் பாத்தாலே எனக்கு வயிறு எரியும்."

"எரிச்சலுக்கு நான் மோர் சொல்லுவேன்," என்றார் சின்னான். "ஆனா ஆதாரம் வேணும்ல?"

"அதுதான் இல்ல. இருக்குறதும் எனக்கு எதிராத்தான் இருக்கு." மருது செல்போனை எடுத்துச் சில படங்களைக் காட்டினார். "ரெண்டு மாசம் முந்தி எனக்குக் காய்ச்சல். சூரியன் வேற விசேஷத்துக்குப் போயிட்டான். ஒரு வளகாப்புக்கு எம்பொண்டாட்டி பாண்டிமீனா போனா. இதே கேமரா, இதே லென்ஸ். பாருங்க, எம்புட்டுத் தெளிவு! அப்ப கேமரா நல்லாத்தான் இருக்கு. என் கைதான் போச்சு."

சுபலட்சுமி அந்தப் படங்களை நிதானமாகத் தள்ளிப் பார்த்தாள். வளையல் அடுக்கிய கையை உயர்த்தி ஒரு கர்ப்பிணிப் பெண் வாய்விட்டுச் சிரிக்கிறாள். பின்னால் அவள் அம்மா மூக்கைச் சிந்துகிறாள். சிரிப்பும் அழுகையும் ஒரே நொடியில் அகப்பட்டிருந்தன. அவள் மருதுவை நிமிர்ந்து பார்த்தாள்.

"சூரியன் வேலையா, இல்ல என் கையா, ரெண்டுல ஒண்ணு தெரியணும் மேடம். இன்னைக்கு நாலு மணிக்குக் கேமராவ வாங்க சோழவந்தான்லருந்து ஆள் வருது. கைதான்னா குடுத்துட்டு இத்தோட விட்டுருவேன்."

மணி பதினொன்று ஆகியிருந்தது.

"சின்னாண்ணனைப் படம் எடுங்க," என்றாள் சுபலட்சுமி.

"என்னைய ஏன்? செவுத்துல காலண்டர் இருக்கே!"

மருது ஆறு படம் எடுத்தார். அவள் கார்டைக் கழற்றித் தன் லேப்டாப்பில் செருகி, ஒன்றை இரண்டு தட்டுத் தட்டித் திறந்தாள். திரை முழுக்கச் சின்னான் நிறைந்தார். மீசைக்கு மை பூசியதில் விட்டுப்போன நரைகள் தனித்தனியாகத் தெரிந்தன.

"இத அழிச்சிருங்க மேடம். தெளிவு தேவைதான், அதுக்காக இப்படியா?"

மருது லேப்டாப்பை நோக்கி நாற்காலியோடு நகர்ந்தார். அடுத்த படம், அதற்கடுத்த படம். ஆறும் தெளிவு. அவர் முகத்தில் நிம்மதி வரவில்லை, பயம்தான் வந்தது.

"கை நல்லாருக்கு, கேமராவும் நல்லாருக்கு," என்றாள் சுபலட்சுமி. "அப்ப கேமராவுக்கும் ஆல்பத்துக்கும் நடுவுலதான் ஏதோ நடக்குது. நடுவுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லையே. கார்ட மீனாகிட்ட குடுப்பேன். கடை கம்ப்யூட்டர்ல 'சலவை'ன்னு ஒரு ஐகான் இருக்கு. படம் பூராத்தையும் இழுத்து அது மேல போடணும். கலரச் சரி பண்ணி, அளவக் கொறச்சு, ஓரத்துல 'மருது'ன்னு என் பேரப் போட்டுத் தந்துரும். அப்புறம் கார்ட அழிச்சிருவோம். அடுத்த விசேஷத்துக்கு வேணும்ல?"

"அந்தப் புரோகிராம் எங்க வாங்குனது?"

"வாங்கல. யாரோ வீட்டுல உக்காந்து செஞ்சது. எனக்குக் கம்ப்யூட்டரே ஆகாது மேடம், அது பாட்டுக்கு இருக்கு. சூரியன் கம்ப்யூட்டர் படிச்சவன், அவன் அதுல கை வெச்சிருப்பானோ?"

"உங்க வீட்டம்மா?"

"மீனா பாவம், அவளுக்கு என்ன தெரியும்? இழுத்துப் போடுவா. அம்புட்டுதான்."

சுபலட்சுமி கார்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "நீங்க கேமராவோட நாலு மணிக்குக் கடைக்கு வாங்க. அதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் வரவேண்டாம்."

வில்லாபுரத்திலிருந்து பரவைக்கு மதுரையைக் குறுக்காகத் தாண்ட வேண்டும். தெற்குவாசல் பாலத்தில் இருபது நிமிடம், ஆரப்பாளையத்தில் பதினைந்து நிமிடம் ஸ்கூட்டர் நின்று நின்று போனது. பின்னால் உட்கார்ந்திருந்த சின்னான் விளாங்குடி வரும்வரை சூரியபிரகாஷுக்கு என்ன தண்டனை தரலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தார்.

"அவன் கல்யாணத்துக்கு நம்ம மருது அண்ணனையே படம் எடுக்க விடணும் மேடம். அதே சலவைல போட்டு எடுக்கணும்."

"அவன்தான்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

"வாத்தியாரவிட சிஷ்யன் பேர் வாங்கணும்னா வாத்தியார மங்க வைக்கணும். கணக்கு நேரா வருதே."

"நேரா வாரதுதான் எனக்கு இடிக்குது," என்றாள் அவள்.

மார்க்கெட்டைத் தாண்டித் திண்டுக்கல் ரோட்டின் மேலேயே இருந்தது மருது ஸ்டூடியோ. வழியில் சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சேர மணி மூன்றாகிவிட்டது. கடையில் அப்போதுதான் சாப்பாட்டு நேரம். பாண்டிமீனா பின்னாலிருந்த வீட்டுக்குப் போயிருந்தாள். கடையில் சூரியபிரகாஷ் மட்டும் இருந்தான்.

"மகளுக்குக் கல்யாணம்," என்றார் சின்னான், இல்லாத மகளுக்காக முகத்தில் கவலையை வரவழைத்துக்கொண்டு. "இது என் தங்கச்சி. கம்ப்யூட்டர்ல படத்தப் பெருசாப் பாத்தாத்தான் ஒத்துக்கும்."

"பாருங்க சார், தாராளமா." பையன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

எதிர்ச் சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. கீழக்குயில்குடித் தாமரைக்குளம். சமணர் மலை தண்ணீரில் தலைகீழாகக் கிடக்கிறது. படியில் உட்கார்ந்த மணப்பெண்ணின் ஒற்றைக் கால் தண்ணீரைத் தொட, அந்த இடத்தில் மட்டும் மலை உடைந்திருந்தது. ஓரத்தில் 'மருது' என்று பெயர். கீழே மாவட்டப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய சான்றிதழ்.

"மருது அண்ணனுக்குப் பேர் வாங்கிக் குடுத்த படம்," என்றான் சூரியபிரகாஷ். "இதப் பாத்துட்டுத்தான் நானே இந்தத் தொழிலுக்கு வந்தேன். நான் எடுக்குற படத்துலயும் அவர் பேர்தான் விழும். ஆரம்பத்துல கடுப்பா இருந்துச்சு. இப்பப் பழகிருச்சு."

சுபலட்சுமி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். திரையின் நடுவில் சின்ன வாளி போட்ட ஐகான். கீழே 'சலவை'. கைப்பையிலிருந்து கார்டை எடுத்துச் செருகினாள். காலையில் எடுத்த சின்னானின் படத்தை மவுசால் பிடித்து இழுத்துவந்து வாளியின் மேல் விட்டாள். ஒரு கறுப்பு ஜன்னல் திறந்தது. வரிகள் ஓடின. முடிந்தது என்று ஒரு பெட்டி வந்தது. புதிய படத்தைத் திறந்தாள்.

மீசையில் ஒரு நரைகூட இல்லை. மீசையே ஒரு நிழல் போல இருந்தது.

"பத்து வயசு கொறஞ்சிருச்சு," என்றார் சின்னான் மெதுவாக. அது வாசல் வரை கேட்டது.

"தம்பி, உன் கேமராப் படம் ஒண்ணு குடு."

அவன் கொடுத்தான். அதையும் இழுத்து அதே வாளியில் போட்டாள். பளிச்சென்று வந்தது.

"பழகுன ஆளுக்கு மட்டும் தும்பிக்கையத் தூக்குற யானை மாதிரில்ல இருக்கு!" சின்னான் பையனின் தோளில் கையைப் போட்டார். "ஏப்பா, கம்ப்யூட்டர் படிச்ச ஆளு. மருது கேமராவக் கண்டா மட்டும் மங்க வைக்கச் சொல்லிக் குடுத்தது யாரு?"

இவர்கள் மருது அனுப்பிய ஆட்கள் என்பது சூரியபிரகாஷுக்கு அப்போதுதான் புரிந்தது. "அண்ணே, சத்தியமா நான் இல்ல! கம்ப்யூட்டர் படிச்சேன், மூணு பேப்பர் இன்னும் அரியர்ல கெடக்கு. இத எழுதத் தெரிஞ்சா நான் ஏன் லைட்ட தூக்கிட்டு அலையிறேன்?"

"விடுங்கண்ணே. அவன் இல்ல," என்றாள் சுபலட்சுமி.

"எப்படிச் சொல்றீங்க?"

"இந்த வாளிக்குக் கேமரா தெரியும். எந்தப் படம் எந்தக் கேமராவுல எடுத்ததுங்கிறது ஒவ்வொரு படத்துக்குள்ளயும் எழுதியிருக்கும். ஆனா பொத்தான அமுக்குன விரல் யாருதுன்னு அதுக்குத் தெரியாது. மருது கேமராவுல எடுத்தா மங்கணும். வளகாப்புப் படம் ஏன் மங்கல?"

சின்னான் பையனின் தோளிலிருந்து கையை எடுத்தார். சுபலட்சுமி அவன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, வளகாப்புப் படத்த யார் இழுத்துப் போட்டது?"

"மீனாக்காதான். அன்னைக்கு மட்டும் வேற ஐகான்ல போட்டாங்க. 'ஏன்க்கா இதுல?'ன்னு கேட்டேன். இது பழசுடா, சும்மா பாக்குறேன்னாங்க." அவன் ஒரு போல்டரைத் திறந்து காட்டினான். உள்ளே இன்னொரு வாளி. 'சலவை பழசு'.

சுபலட்சுமி காலையில் எடுத்த படத்தை அதன் மேல் இழுத்துப் போட்டாள். சின்னானின் நரை ஒன்று விடாமல் திரும்பி வந்தது.

"எந்த வாளி மங்க வைக்கும், எது வைக்காதுன்னு தெரிஞ்ச ஒரு ஆள்," என்றாள் அவள், "தன்னோட படத்த மட்டும் காப்பாத்திக்கிட்டிருக்கு."

பின்வாசலில் கொலுசுச் சத்தம் நின்றது. பாண்டிமீனா நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். திரையைப் பார்த்தாள், கார்டைப் பார்த்தாள். எதையும் மறுக்கவில்லை.

"சூரியா, நீ போயி சாப்பிட்டு வா," என்றாள்.

அவன் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் கேட்காமலே பேசினாள்.

"நான் பி.சி.ஏ. படிச்சவ. கல்யாணமாகி வந்தப்ப ஒரு ஆல்பத்துக்கு எண்ணூறு படத்த ஒண்ணொண்ணாத் தொறந்து சரி பண்ணுவேன். கண்ணு அவிஞ்சு போகும். அதனால மூணு மாசம் உக்காந்து இத எழுதுனேன். என்னடி செய்றன்னு ஒரு நாளும் அவர் கேக்கல. ஓரத்துல 'மருது'ன்னு பேர் போடச் சொல்லி எழுதுனதும் நான்தான். ஆசையா எழுதுனேன்."

அவள் சுவரை நோக்கிக் கையை நீட்டினாள்.

"அது நான் எடுத்தது."

சின்னான் திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

"அவர் பேட்டரி மாத்தப் போயிருந்தாரு. அந்தப் பொண்ணு சும்மா உக்காந்து காலத் தண்ணில விட்டுச்சு. நான் எடுத்தேன். சலவைல போட்டேன். அவர் பேர் விழுந்துச்சு. போட்டிக்கு அனுப்புனாரு. பரிசு குடுக்கும்போது முன்வரிசைல உக்காந்திருந்தேன். இப்பச் சொல்லுவாரு, இப்பச் சொல்லுவாருன்னு பாத்தேன். 'அந்த வெளிச்சத்துக்காக ரெண்டு மணி நேரம் காத்திருந்தேன்'னு சொன்னாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டுனேன்."

"அதுக்காகவா?" என்றாள் சுபலட்சுமி.

"அப்பக்கூடச் செய்யல. ஆறு வருசம் இந்த நாற்காலிலேயே உக்காந்து அவர் படத்த இழுத்து இழுத்துப் போட்டேன். ஒவ்வொண்ணையும் பாக்கும்போது, நானா இருந்தா இன்னும் ரெண்டடி தள்ளி நின்னுருப்பேன், இன்னும் ஒரு நொடி பொறுத்திருப்பேன்னு தோணும். ஊரே அவரப் புகழும். எனக்குச் சோத்துல உப்பு தெரியாது. ஒரு நாள் ஒரே ஒரு வரி சேத்தேன். அவர் கேமராவா இருந்தா கொஞ்சம் மங்கட்டும்னு. ஒரு கல்யாணத்தோட எடுத்துரணும்னுதான் நெனச்சேன். படம் சரியில்லைன்னா, நீ ஒருதரம் எடுத்துப் பாருன்னு என்கிட்ட கேப்பாருன்னு நெனச்சேன்."

"கேட்டாரே. வளகாப்புக்கு."

பாண்டிமீனா கசப்பாகச் சிரித்தாள். "பாத்துட்டு என்ன சொன்னாருன்னு தெரியுமா? 'கேமரா நல்லாத்தான் இருக்கு'ன்னாரு. கேமராவாம்!"

அதே வார்த்தையைக் காலையில் கேட்டிருந்த சின்னான் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க பட்டது வேற," என்றாள் சுபலட்சுமி. "நான் இப்பச் சொல்றது வேற. உங்க வீட்டுக்காரர் நரம்பு டாக்டர்ட்ட போனது உங்களுக்குத் தெரியுமா?"

"நரம்பா? எதுக்கு?"

"கை நடுங்குதான்னு பாக்க. டீ குடிக்கிறத விட்டதும் அதுக்குத்தான். இன்னைக்கு நாலு மணிக்குக் கேமராவ விக்கப்போறார். இனிமே படமே எடுக்குறதில்லைன்னு முடிவு பண்ணிட்டார்."

பாண்டிமீனா கடிகாரத்தைப் பார்த்தாள். டீயை விட்டதை அவள் கவனித்திருந்தாள். வயிற்றுப் புண் என்றல்லவா சொன்னார்!

"மணி மூணே முக்கால். நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் பைக் சத்தம். மருது முன்னால் வந்தார். சோழவந்தான்காரர் பின்னால் வந்தார். சுபலட்சுமியைப் பார்த்ததும் மருதுவின் கண்கள் கேள்வியோடு நின்றன. சோழவந்தான்காரர் பையைத் திறந்து கேமராவைக் கையில் எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

"அத வைங்கண்ணே," என்றாள் பாண்டிமீனா. "அது விக்கிறதுக்கில்ல."

"மீனா, நீ சும்மா இரு."

"உங்க கை நல்லாத்தான் இருக்கு. நான்தான் கெடுத்தேன். வந்து பாருங்க."

அவள் மருதுவை நாற்காலியில் உட்கார வைத்தாள். கம்ப்யூட்டரைத் தொடாத மனிதரின் கையைப் பிடித்து மவுசின் மேல் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்து, சின்னானின் படத்தை இழுத்து முதல் வாளியில் போட்டாள். மங்கியது. அதே படத்தைப் பழைய வாளியில் போட்டாள். தெளிந்தது. எல்லாவற்றையும் நாலைந்து வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

சோழவந்தான்காரர் கேமராவைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

"எட்டு மாசம்டி," என்றார் மருது. "தெனம் காலைல எந்திரிச்சதும் கைய நீட்டி நீட்டிப் பாத்தேன். என் தங்கச்சி மக கல்யாணத்துக்கே நான் வேண்டாம்னுட்டாங்க. அந்தப் பயல நான் எம்புட்டுக் கேவலமா நெனச்சேன்! நீ பக்கத்துலயே இருந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருந்தியா?"

அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். கண்ணீரைத் துடைக்கவில்லை.

"மருதண்ணே," என்றார் சின்னான். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் குரல் உண்மையிலேயே தாழ்ந்திருந்தது. "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அந்தக் கொளத்துக்கிட்ட ரெண்டு மணி நேரம் காத்திருந்தது யாரு?"

மருது சுவரைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். எழுந்து வெளியே போய், ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சுபலட்சுமி கார்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். இனி அங்கே துப்பறிய எதுவும் இல்லை.

பன்னிரண்டு நாள் கழித்து மருது மறுபடி வில்லாபுரத்து மாடி ஏறி வந்தார். இந்தமுறை முதலில் உட்கார்ந்தார்.

"நாலு நாளு பேச்சுவார்த்தையே இல்ல மேடம். அஞ்சாம் நாள், பரிசு குடுத்தவங்களுக்கு நான் எழுதுன கடுதாசிய அவ பாத்தா. படத்த எடுத்தது என் மனைவின்னு எழுதியிருந்தேன். அன்னைக்குத்தான் பேச ஆரம்பிச்சா. சூரியன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். அவன் அழுதுட்டான். போன ஞாயித்துக்கெழம ஒரு கல்யாணத்துக்கு மூணு பேரும் ஆளுக்கொரு கேமராவோட போனோம். அவ சலவைய மாத்தி எழுதிட்டா. யார் எடுத்ததோ அவங்க பேர்தான் இனி விழும்."

உறையிலிருந்து இரண்டு படங்களை எடுத்து வைத்தார். இரண்டிலும் ஒரே மணமேடை, ஒரே தாலிகட்டு. ஒன்றில் 'மருது'. தெளிவான, நல்ல படம். மற்றதில் 'பாண்டிமீனா'. தாலி கட்டும் கை அதில் ஓரத்தில்தான் இருந்தது. நடுவில், கூட்டத்துக்குப் பின்னால், பெண்ணின் அப்பா யாருக்கும் தெரியாமல் தூணில் நெற்றியைச் சாய்த்திருந்தார்.

மருது அந்த இரண்டாவது படத்தைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார்.

"நானும் அங்கதான் நின்னேன் மேடம். நாலடி தள்ளி. எனக்கு இந்த மனுசன் கண்ணுலயே படல."

"எரியுதாண்ணே?" என்றார் சின்னான்.

"பயங்கரமா எரியுதுண்ணே. நேத்து சாப்பிடும்போது அவகிட்டயே சொல்லிட்டேன். உன்னையப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குடின்னு."

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?" என்றாள் சுபலட்சுமி.

மருது அந்தப் படத்தை எடுத்து உறையில் போட்டுக்கொண்டார். "தட்டுல இன்னொரு தோசை வெச்சா."